மாற்றுத்திறனாளி உதவித்தொகையை மறுத்துவிட்டார்களா? தாலுகா ஆபீசிலிருந்து உயர் நீதிமன்றம் வரை

உதவித்தொகை கேட்டுக் கொடுத்த மனு தள்ளுபடி ஆகிவிட்டது, அல்லது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றுவிட்டது. தாலுகா ஆபீசில் கேட்டால் சரியான பதில் இல்லை. கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். அரசமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அதிகாரியின் முடிவை எதிர்த்து நேரடியாகக் கேட்கும் மனு, போட யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் போவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிபதி உங்கள் காலையோ கண்ணையோ பரிசோதிக்கப் போவதில்லை. நீங்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று அளக்கப் போவதும் இல்லை. உங்களை மறுத்த அதிகாரி எந்த விதியை வைத்து, எந்த ஆதாரத்தைப் பார்த்து, என்ன காரணம் எழுதி மறுத்தார் என்பதைத்தான் பார்ப்பார். அதனால் வழக்கின் பாதி வேலை கோர்ட் வாசலை மிதிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியைச் சரியாகச் செய்வது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

எந்தப் பணம், எந்த ஆபீஸ்

நம் பக்கம் அரசு மாதாமாதம் கொடுக்கும் எந்தப் பணத்துக்கும் பெயர் ‘ஓஏபி’, அதாவது முதியோர் பென்ஷன்தான். பேச்சுக்கு அது சரி. வழக்குக்கு உதவாது. மாற்றுத்திறனாளிகளுக்கு மாதப் பணம் இரண்டு துறைகளிலிருந்து வருகிறது.

ஒன்று வருவாய்த்துறை. தாலுகா ஆபீசில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், அதாவது ஸ்பெஷல் தாசில்தார், வி.ஏ.ஓ.வும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்.ஐ.யும் (வருவாய் ஆய்வாளர்) கொடுக்கும் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பார். 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது இந்த ஓய்வூதியம்தான். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் இந்த ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. அதற்கு 18 முதல் 79 வரை வயது, 80 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பது ஆகிய மூன்றும் வேண்டும்.

இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்கள், 75 சதவீதத்துக்குக் குறையாத கடும் பாதிப்பு ஆகியவற்றுக்கு இது உண்டு. இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்தான் பொறுப்பு.

உங்கள் மனு எந்தத் திட்டத்துக்குப் போனது, எந்த அதிகாரி மறுத்தார் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருவர் போட்ட ஆணைக்கு இன்னொருவர் மேல் வழக்குப் போட்டால் அது நிற்காது. பணம் நின்றுபோனவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆணையே இல்லாமல், ஆதார் இணைப்பு அறுந்தோ வங்கிக் கணக்கு முடங்கியோ பணம் திரும்பிப் போயிருக்கலாம். அது பேங்கிலும் இ-சேவை மையத்திலும் தீர்கிற விஷயம், அதற்கு வக்கீல் தேவையில்லை.

பனியன் கம்பெனியிலோ பவுண்டரியிலோ தறிப்பட்டறையிலோ வேலை செய்யும்போது கை போனவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், அந்த இழப்பீட்டுக்கு வேறு பாதை. அதற்கென்று மருத்துவக் குழுவும் தனி நீதிமன்றமும் இருக்கின்றன. அந்த விஷயத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமான படி இதுதான். பெரும்பாலானவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். “உங்களுக்கு வராதுங்க”, “மேல போய்ப் பாருங்க”, “அடுத்த மாசம் வாங்க” என்று கவுன்டரில் சொன்ன வார்த்தையை நம்பி வருஷக்கணக்கில் நடப்பார்கள். வாய்வார்த்தையை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டில் கேட்பது கடினம். தாள் வேண்டும். அதில் தேதி, எண், கையெழுத்து, காரணம் நான்கும் இருக்க வேண்டும்.

கேட்கிற முறை எளிது. “ஏனுங்க சார், எதுக்காகத் தள்ளுபடி பண்ணுனீங்கன்னு எழுதிக் குடுங்க” என்று நேரில் கேளுங்கள். தரவில்லை என்றால் அதையே மனுவாக எழுதுங்கள். விண்ணப்பம் கொடுத்த நாள், ஒப்புகை எண், உங்கள் யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி தனி அடையாள) அட்டை எண், ‘என் விண்ணப்பத்தின் மீது எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்துப்பூர்வமாக வழங்கக் கோருகிறேன்’ என்ற ஒரு வரி, அவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்து, மற்றதில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தபால் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் பக்கத்தையும் அச்செடுத்து ரசீதோடு பின் பண்ணி வையுங்கள்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம். 2005-ல் வந்த இந்தச் சட்டம் இந்த மாதிரி விஷயத்துக்கென்றே செய்த ஆயுதம் என்பேன். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அதே ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் மறுத்தீர்கள்’ என்று கேள்வி கேட்காதீர்கள். ஆவணம் கேளுங்கள்: என் விண்ணப்பம் தொடர்பான கோப்பின் முழு நகல், குறிப்புப் பக்கங்கள் உட்பட, வி.ஏ.ஓ. விசாரணை அறிக்கை, ஆர்.ஐ. அறிக்கை, எந்த அரசாணையின் கீழ் மறுக்கப்பட்டதோ அதன் நகல். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும்.

வி.ஏ.ஓ. அறிக்கை கைக்கு வந்ததும்தான் பல சமயம் விஷயமே வெளியே வரும். வீட்டுக்கே வராமல் எழுதிய அறிக்கையாக இருக்கலாம். கல்யாணமாகித் தனியாகப் போய்விட்ட மகன் உங்களோடு இருப்பதாக எழுதியிருக்கலாம். பங்காளி பெயரில் இருக்கும் தோட்டத்தை உங்கள் கணக்கில் சேர்த்திருக்கலாம். கூட்டுப் பட்டாவில் தாத்தா பெயரோடு ஏழெட்டுப் பேர் பெயர் கிடக்கும் குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம் என்பதால், இந்தக் கடைசித் தவறு நடக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

அந்தத் தாளைப் படிப்பது எப்படி

பல்லடம் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. நான்கு வருஷமாக ஓய்வூதியம் வாங்கியவருக்குப் பணம் நின்றுவிட்டது. கேட்டு வாங்கிய தாளில் ஒரே ஒரு வரி: ‘விசாரணையில் மனுதாரர் தகுதியற்றவர் எனத் தெரியவருவதால் ஓய்வூதியம் நிறுத்தம் செய்யப்படுகிறது.’

இந்த வரியை ஒரு நீதிபதி எப்படிப் படிப்பார்? என்ன விசாரணை, யார் செய்தது, எந்த நாளில்? தாளில் இல்லை. எந்தத் தகுதி இல்லை, வயதா, வருமானமா, சதவீதமா? அதுவும் இல்லை. நிறுத்துவதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டார்களா? இல்லை. ஆக, ஒரே வரியில் மூன்று ஓட்டை. இதில் மூன்றாவதுதான் பெரியது. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்த வேண்டுமானால், நிறுத்தப்படுகிறவரின் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இயற்கை நீதி என்று கோர்ட்டில் சொல்வது இதைத்தான். புதிதாகக் கேட்டுக் கிடைக்காதவரை விட, வந்த பணம் நோட்டீஸ் இல்லாமல் நின்றவரின் வழக்கு வலுவானது.

‘கோர்ட்டுக்குப் போனால் அப்போது புதிதாக நல்ல காரணமாகச் சேர்த்துவிடுவார்களே’ என்று சிலர் பயப்படுவார்கள். பயப்பட வேண்டாம். மொஹிந்தர் சிங் கில் வழக்கில் 1977-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு சொல்லிவிட்டது. ஓர் ஆணை அதில் எழுதியிருக்கும் காரணத்தைக் கொண்டுதான் நிற்க வேண்டும், பிற்பாடு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சொல்லி அதைத் தாங்கிப்பிடிக்க முடியாது. தாளை வாங்குங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தாளில் காரணம் தெளிவாக இருந்தால் அரசாணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரசாணையில் இல்லாத நிபந்தனையைச் சொல்லி மறுத்திருக்கிறார்களா? நீங்கள் கொடுத்த ஆவணத்தைப் பார்க்காமலே முடிவெடுத்திருக்கிறார்களா? இவை இரண்டும் நல்ல காரணங்கள். ஆனால் விதிப்படி உண்மையிலேயே நீங்கள் அந்தத் திட்டத்துக்குள் வரவில்லை, அதிகாரியும் அதை விவரமாக எழுதியிருக்கிறார் என்றால், கோர்ட் பரிதாபப்பட்டுப் பணம் வாங்கித் தராது. அப்போது வேறு எந்தத் திட்டத்தில் வருவீர்கள் என்று தேடுவதே நல்லது.

சதவீதம்தான் தகராறு என்றால்

மறுப்புக்குக் காரணம் மருத்துவச் சான்றில் உள்ள சதவீதம் என்றால், தாசில்தார் மேல் வழக்குப் போட்டுப் பயனில்லை. அவர் சான்றில் இருப்பதைத்தான் பார்க்க முடியும். சான்றைத்தான் எதிர்க்க வேண்டும். 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் இதற்கு வழி இருக்கிறது. சான்று தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து, 59-வது பிரிவின்படி அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் யார் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, நாள் கடத்தாமல் மேல்முறையீடு செய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டி நேராகக் கோர்ட்டுக்குப் போனால், ‘முதலில் அங்கே போங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

போவதற்கு முன் சான்றில் உள்ள கணக்கை நீங்களே சரிபாருங்கள். மதிப்பீட்டு விதிமுறைகள் 2018 ஜனவரி 4-ம் தேதி மத்திய அரசிதழில் வந்தன, 2024 மார்ச்சில் திருத்தப்பட்டன. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் இரண்டையும் நேராகக் கூட்ட மாட்டார்கள். அதிகமான சதவீதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 90-லிருந்து அதைக் கழித்து, மீதியைக் குறைவான சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததை முதல் எண்ணோடு கூட்டுவார்கள். காலில் 40, கண்ணில் 30 என்றால் 70 வராது. 50-ஐ 30-ஆல் பெருக்கினால் 1,500, அதை 90-ஆல் வகுத்தால் 16.67, ஆக மொத்தம் 56.67. இரண்டு குறைபாடு இருந்தும் சான்றில் ஒன்று மட்டும்தான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காலுக்காக எலும்பு மருத்துவரிடம் மட்டும் காட்டி, காது கேளாமையைச் சொல்லாமலே விட்டவர்களுக்கு இப்படி நேரும். அது மருத்துவர் தவறு ஆகாது. புதிதாக மதிப்பீடு கேட்டு விண்ணப்பித்தாலே தீர்ந்துவிடும்.

கோர்ட்டுக்கு முன்னால் ஏறும் படிகள்

தனி வட்டாட்சியர் மறுத்தால், அவருக்கு மேலே கோட்டாட்சியரிடமும் (ஆர்.டி.ஓ.), அதற்கு மேலே கலெக்டரிடமும் எழுத்தில் முறையிடுங்கள். திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், அதுவும் ஓர் ஆவணம்தான். ஆனால் திங்கட்கிழமைதோறும் அதே மனுவைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் எந்தப் பலனும் இல்லை. நாள்தான் ஓடும். ஒருமுறை முழுமையாக, ஆவணங்களோடு கொடுத்து, நியாயமான அவகாசம் தந்து, பதில் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போய்விட வேண்டும்.

சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரைப் பலருக்குத் தெரிவதே இல்லை. உரிமை பறிக்கப்பட்டதாகப் புகார் வந்தால் விசாரிப்பது அவருடைய கடமை என்கிறது அதே 2016 சட்டத்தின் 80-வது பிரிவு. ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை 82-வது பிரிவு அவருக்குக் கொடுத்திருக்கிறது. தபாலில் எழுதலாம், வக்கீல் தேவையில்லை. அவர் சொல்வது பரிந்துரைதான், கோர்ட் தீர்ப்பு ஆகாது. ஆனால் அந்தப் பரிந்துரை கிடைத்த அதிகாரி மூன்று மாதத்துக்குள் செயல்பட்டுத் தகவல் சொல்ல வேண்டும், ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுதிப் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 81-வது பிரிவு சொல்கிறது. சென்னை வரை போய் வழக்கு நடத்தத் தயங்குகிறவர்களுக்கு இந்த வழி முயன்று பார்க்கத் தகுந்தது. இங்கே நடக்காவிட்டாலும் ரிட் மனுவுக்கான கதவு திறந்தேதான் இருக்கும்.

நோட்டீசே இல்லாமல் பணத்தை நிறுத்தியவர்களுக்கு எதிராக, இந்தப் படிகளில் முழுக்க ஏறி இறங்காமல் நேரடியாகவும் உயர் நீதிமன்றம் போகலாம். இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால் மாற்று வழி இருப்பது தடையாகாது.

தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் கெடு இல்லை. அதற்காக ஏழெட்டு வருஷம் சும்மா இருந்துவிட்டுப் போனால், இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்ற கேள்வி வரும். மாதாந்திரப் பணம் என்பதால் ஒவ்வொரு மாதமும் தவறு தொடர்கிறது என்று வாதிடலாம். ராணுவத்தில் ஊனமுற்று வெளியேறிய தர்செம் சிங்கின் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டது. 1983-ல் வெளியேறியவர் 1999-ல்தான் வழக்குப் போட்டார். ஓய்வூதியம் கிடைத்தது, ஆனால் நிலுவையை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய சுமார் மூன்று வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். தாமதித்தால் உரிமை போகாவிட்டாலும் பணம் போகும்.

வக்கீலுக்குக் காசு?

1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் அப்படியே. வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல, கோர்ட் கட்டணமும் ஆவணங்கள் தயாரிக்கும் செலவும் இதில் அடங்கும்.

உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு இருக்கிறது. அங்கே போய் “ரிட் மனு போடணும், ஹைகோர்ட் லீகல் எய்டுக்கு அனுப்பி வைங்க” என்று கேளுங்கள். உயர் நீதிமன்றத்துக்கென்று தனிச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, மனு அங்கே போய் உங்களுக்கு வக்கீல் நியமிக்கப்படுவார். 15100 என்ற எண்ணில் போனிலும் வழி கேட்கலாம்.

நம் பகுதிக்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், நீலகிரி மாவட்ட வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்வுக்குப் போகும். கரூர் மாவட்டம் மதுரைக் கிளையின் கீழ் வருகிறது, திண்டுக்கல் மாவட்டமும் அப்படித்தான். ஆற்றுக்கு இந்தக் கரையில் கொடுமுடிக்காரர் சென்னைக்குப் போக வேண்டும், கொஞ்சம் கிழக்கே வேலாயுதம்பாளையத்துக்காரர் மதுரைக்குப் போக வேண்டும். பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்தவருக்கும் மதுரைதான். உறவுக்காரர் சொன்ன வக்கீலிடம் ஆவணங்களைக் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிட் மனுவில் என்ன இருக்கும்

உங்கள் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம், வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்து, மனு, ‘டைப்டு செட்’ என்று வக்கீல்கள் சொல்லும் ஆவணக் கட்டு, இவைதான். எதிர்மனுதாரர்களாக மறுத்த அதிகாரி, அவருக்கு மேலே கோட்டாட்சியர், கலெக்டர் ஆகியோர் வருவார்கள். அரசாணையே தவறு என்று சொல்வதானால் துறைச் செயலாளரையும் சேர்க்க வேண்டும்.

பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் படித்துக் காட்டி விளக்கியதாகப் பத்திரத்திலேயே குறிப்பு எழுத வேண்டும், அது மரியாதைக்காகச் செய்வதல்ல, விதி. குடும்ப நிலவரத்தில் எதையும் மறைக்காதீர்கள். மகனுக்கு வேலை இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள், அவர் தனிக் குடித்தனம் என்றால் அவருடைய ரேஷன் கார்டு நகலை வையுங்கள்.

டைப்டு செட்டில் ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள்: யூ.டி.ஐ.டி. அட்டை, மருத்துவச் சான்று, விண்ணப்ப ஒப்புகை, பழைய அனுமதி ஆணை இருந்தால் அது, பணம் வந்ததும் நின்றதும் தெரியும் பாஸ்புக் பக்கம், மறுப்பு ஆணை, தகவல் உரிமையில் வந்த வி.ஏ.ஓ. அறிக்கை, கோட்டாட்சியருக்கும் கலெக்டருக்கும் எழுதிய மனுக்கள், ரசீதுகள். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேரும். அதிகாரியிடம் காட்டாத புது ஆவணத்தைக் கோர்ட்டில் முதல்முறையாகக் காட்டினால் பெரும்பாலும் எடுபடாது. கையில் உள்ளதையெல்லாம் கீழே இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும்.

அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைக்காக வழக்குப் போடும் பெற்றோர் வயதைக் கவனியுங்கள். 18 வரை நீங்களே காப்பாளர். 18 முடிந்துவிட்டால், 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமன ஆணை வாங்கிக்கொள்வது நல்லது. வழக்குக்கு மட்டுமில்லை, வங்கிக் கணக்குக்கும் அது தேவைப்படும்.

கோரிக்கையில் கவனம்

இனி மனுவின் கடைசிப் பக்கம். கோர்ட்டிடம் என்ன கேட்கிறீர்கள் என்று எழுதுகிற பத்தி அங்கேதான் இருக்கிறது. இதில் ஏமாறாதீர்கள்.

‘என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்’ என்று கேட்டால் முதல் நாளிலேயே உத்தரவு கிடைத்துவிடும். அரசு வக்கீலும் ஆட்சேபிக்க மாட்டார். இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள் என்று தாள் வரும், வீட்டில் எல்லோரும் ஜெயித்துவிட்டதாக நினைப்பார்கள். அதிகாரி பரிசீலிப்பார், பழைய காரணத்தையே எழுதித் திரும்ப மறுப்பார். கோர்ட் உத்தரவை அவர் மீறவும் இல்லை, உங்களுக்குப் பணமும் இல்லை. இன்னொரு வழக்குப் போட வேண்டும்.

உங்கள் மனுவுக்குப் பதிலே வராமல் கிடந்தால் ‘பரிசீலியுங்கள்’ என்று கேட்பது சரிதான். மறுப்பு ஆணை கையில் இருக்கும்போது அப்படிக் கேட்கக் கூடாது. ஆணையின் நாளையும் எண்ணையும் குறிப்பிட்டு, அதை ரத்து செய்து, இந்தத் தேதியிலிருந்து நிலுவையோடு வழங்க உத்தரவிட வேண்டும் என்று கேட்க வேண்டும். ரத்தும் ஏவலும் சேர்ந்த இந்தக் கோரிக்கையை நம் உயர் நீதிமன்றத்தில் ‘செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்’ என்பார்கள். வக்கீலிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வழக்கு முடிகிற வரை பணம் தொடர வேண்டும் என்று இடைக்கால மனுவும் சேர்க்கலாம், நிறுத்தப்பட்ட வழக்குகளில் அதற்கு இடமுண்டு.

சட்ட ஆதாரமாக 2016 சட்டத்தின் 24-வது பிரிவை வக்கீல் எழுதுவார். மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்பதும், மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தை விடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்பதும் அந்தப் பிரிவில் இருக்கின்றன.

விசாரணை எப்படி நடக்கும்

நீங்கள் சென்னையிலோ மதுரையிலோ போய் நிற்க வேண்டியதில்லை. ரிட் மனுவில் சாட்சிக் கூண்டு கிடையாது, எல்லாம் காகிதத்தின் மேல் நடக்கும். முதல் நாள் அரசு வக்கீல் நோட்டீசைப் பெற்றுக்கொண்டு, அதிகாரியிடம் விவரம் கேட்டுச் சொல்ல அவகாசம் கேட்பார். பின்னர் பதில் பிரமாணப் பத்திரம் வரும். அது வந்ததும் நகல் வாங்கி, மறுப்பு ஆணையில் இல்லாத காரணம் எதையாவது புகுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். மொஹிந்தர் சிங் கில் தீர்ப்பு பயன்படுவது அந்த இடத்தில்தான். வழக்கு எந்த நாளில் வருகிறது என்று இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வழக்கு எண்ணை வக்கீலிடம் முதல் வாரமே வாங்கி வையுங்கள்.

முடிவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: மறுப்பு ஆணை ரத்து, மனுதாரருக்கு வாய்ப்புக் கொடுத்து இத்தனை வாரத்துக்குள் புதிதாக முடிவெடுக்க வேண்டும். மருத்துவத் தகராறு என்றால் வேறு மருத்துவக் குழு பரிசோதிக்கச் சொல்லலாம். உண்மைகளில் சந்தேகமே இல்லாதபோது நேராகப் பணம் வழங்கச் சொல்வதும் உண்டு. வழக்கு திரும்ப அனுப்பப்பட்டது என்று சோர்ந்துவிடாதீர்கள். முதல் தடவை ஒரு வரியில் மறுத்தவர் இந்தத் தடவை நோட்டீஸ் கொடுத்து, உங்கள் ஆவணத்தைப் பார்த்து, காரணம் எழுதியாக வேண்டும். அந்த விசாரணைக்குக் கூப்பிடும்போது ஆவணங்களோடு நேரில் போங்கள், எழுத்திலும் பதில் கொடுங்கள்.

தோற்றுவிட்டால், தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து இரண்டு நீதிபதிகள் அமர்வில் 30 நாளுக்குள் ரிட் மேல்முறையீடு செய்யலாம்.

உத்தரவு வந்த பிறகு

சான்றிட்ட நகல் வாங்கி, ஒரு பிரதியை முகப்புக் கடிதத்தோடு அதிகாரியிடம் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், இன்னொன்றைத் தபாலிலும் அனுப்புங்கள். கெடு பல சமயம் ‘உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து’ என்றுதான் இருக்கும். நீங்கள் கொடுக்காத வரை அவருக்கு நாள் ஓடத் தொடங்காது. கெடு முடிந்தும் எதுவும் நடக்கவில்லை என்றால் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ், அதற்கும் அசையவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. அதற்கு 1971-ம் வருஷத்துச் சட்டம் ஒரு வருஷம்தான் அவகாசம் தருகிறது, கெடு முடிந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பணம் வர ஆரம்பித்ததும் பாஸ்புக்கை உத்தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடப்பு மாதத்துப் பணம் மட்டும் ஏறி, நிலுவை விடுபட்டிருக்கலாம். விடுபட்டிருந்தால் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, மாதம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டு, உத்தரவின் நகலை வைத்து அதே அதிகாரிக்கு எழுதுங்கள். முத்திரை வாங்க மறக்காதீர்கள்.